தீ வாளியில் மாட்டிய கை

குழந்தைகள் காப்பகத்தின் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்த ஆய்வாளரை, அதை நடத்தும் மெர்சிக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் அவளைப் பிடிக்கவில்லை. தீயணைக்கும் வாளியில் மணலுக்குப் பதில் அவள் உள்ளூர்ப் பொம்மைக் கம்பெனி கழித்துப்போட்ட களிமண்ணை நிரப்பியிருந்தாள். கூரையிலிருந்து மழைநீர் ஒழுகி அது குழைந்திருந்தது. ஆழம் பார்க்க அவர் முழங்கை வரை கையை விட்டார். களிமண் அதைத் திருப்பித் தரவில்லை.

"மணலு எங்கம்மா?"

"இந்த ஊர்ல இதான் சார் சும்மா கெடைக்குது."

"அப்ப லைசென்ஸ் கெடையாது. பெல்லை அடிங்க, புள்ளைங்க எப்படித் தப்பிக்குதுன்னு பாக்கறேன்."

அடித்தாள். இருபத்திரண்டு குழந்தைகளும் ஒரே கயிற்றை வரிசையாகப் பிடித்தபடி அரை நிமிடத்தில் வெளியே போய்விட்டன. சுவரோடு அறைந்திருந்த வாளியில் ஆய்வாளர் மட்டும் மாட்டி நின்றார்.

"புள்ளைங்க தப்பிச்சிட்டாங்க. நீங்கதான் சார் வெந்துட்டீங்க."

'மணல் நிரப்பவும்' என்று எழுதி, இடது கையால் லைசென்ஸில் கையெழுத்திட்டார். அதன் பிறகே மெர்சி, களிமண் இளகிக் கை வெளிவர, வாளியில் தண்ணீர் ஊற்றினாள்.