கெட்டம்பேயில் நின்ற பஸ்

…அதையும் அவள்தான் சொல்ல வேண்டுமாம், இல்லத்து வாசலை மிதிக்கும் முன்னரே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டுமாம், பக்குவமாக என்றால் எப்படி என்று போதகர் வீரசிங்கம் சொல்லித் தந்திருக்கலாமே, காலை ஜெபம் முடிந்த கையோடு தலையைச் சாய்த்துக்கொண்டு "நீங்க சொன்னா அந்தப் பிள்ளை கேக்கும், ரத்தினம்மா" என்றாரே ஒழிய, எந்த வார்த்தையால் தொடங்குவது என்பதைக் கர்த்தரிடமே விட்டுவிட்டார். கட்டுகஸ்தோட்டை இல்லம் வயிற்றிலோ கையிலோ குழந்தையோடு இருக்கிற தாய்மாருக்கு, குழந்தை இல்லாதவளுக்கு அங்கே என்ன இடம், வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலுக்கு இன்னொருத்தி வருகிறாள், அதற்குள் அந்தப் பிள்ளை கிளம்பிவிட வேண்டும்… நியாயந்தான், நியாயம் இல்லையென்று யார் சொன்னது, ஆனால் குழந்தையின் குழிமேல் போட்ட மண்ணே இன்னும் காயவில்லையே! பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறும்போதே கோர்த்துவைத்த வசனம் இது: "உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை." சீ, என்ன நன்மை, அவளுக்கே வாய் கூசியது. இதற்குள் பஸ் வேறு கெட்டம்பேயில் நின்றுவிட்டது, பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானையொன்று முதுகில் தன் தீனிக்கான கித்துல் ஓலையைச் சுமந்துகொண்டு நடு ரோட்டில் ஆடி அசைந்து போகிறது, பின்னால் கண்டி வரைக்கும் போகவேண்டிய அத்தனை வாகனமும் ஹோர்ன் அடிக்கிறது, யானைக்கு என்ன, அதை யாரும் எதையும் போய்ச் சொல்லிவிட்டு வா என்று அனுப்புவதில்லை.

பக்கத்தில் ஜன்னலோரம் ராக்கம்மா, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பெண், பதினேழு முடியவில்லை, வயிற்றைத் தள்ளிக்கொண்டு இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து குழந்தைக்குத் தகப்பன் யாரென்று சொல்லவில்லை, சித்தி லயத்துப் பக்கமே வராதே என்றாளாம், அதைக்கூடச் சோறு வெந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். நாள் நிறைய முன்னரே வலி கண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த குழந்தை அன்று மாலைக்குள் அடங்கிப்போய், அப்போதும் அழவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அழேன்டி, அழுதால் நானும் ஏதாவது செய்யலாம், தலையைத் தடவலாம், ஒரு சங்கீதம் வாசிக்கலாம்… இப்படிக் கல்லுப்போல் கிடந்தால் என்ன செய்வது, இத்தனை பெண்களை இத்தனை வருடமாகப் பார்த்தாயிற்று, கத்துகிறவர்கள் உண்டு, போதகர் மேல் தண்ணீர்க் குவளையை எறிந்தவளும் உண்டு, அவர்களோடு மல்லுக்கட்டலாம். குழந்தையைத் தூக்கிப் பார்க்கிறாயா என்று கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று, சரி, அதுவும் நல்லதற்குத்தான், பார்த்தால் மறக்க முடியாது என்று ரத்தினம்மாவே போதகரின் வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டு மஹியாவ மயானத்துக்குப் போனாள். அதுவும் அவள்தான். எல்லாமே அவள்தான்.

முன் இருக்கையில் ஒரு முஸ்லிம் பெண்ணின் குழந்தை, வெக்கை தாங்காமலோ என்னவோ, வீரிட்டு அழத் தொடங்கியது, அந்தத் தாயும் "அழாதீங்க வாப்பா, அழாதீங்க" என்று தோளில் போட்டுத் தட்டுகிறாள், அது நிறுத்தினால்தானே, அதன் அழுகை ஊசிபோலக் காதுக்குள் இறங்குகிறது, திரும்பிப் பார்த்தால்… ராக்கம்மாவின் சட்டை. இரண்டு பக்கமும் ஈரம், வட்டம் வட்டமாகப் பரவுகிறது. ஐயோ, இந்த உடம்புக்கு ஒருவரும் செய்தி சொல்லவில்லையா! பெண் தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல. எதிரே நின்ற ஆள் பார்க்கிறான், பார்க்கட்டும், அவன் கண்ணில் குடைக்கம்பியால் குத்தினால் என்ன… "பையைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுப் பிடி" என்று ரத்தினம்மா சீறினாள், ஏன் சீறினோம் என்றும் தெரியவில்லை. பையில் சபைப் பெண்கள் பின்னி அனுப்பிய கம்பளித் தொப்பியும் காலுறையும், குழந்தை போன பிறகு வந்து சேர்ந்தவை. ராக்கம்மா அணைத்துக்கொண்டாள். ஒரு கை தானாகப் பையின் அடியைத் தாங்கியது. ரத்தினம்மா வெளியே பார்த்தாள், யானையின் பின்புறந்தான் தெரிந்தது.

இப்போது சொல்லிவிடலாம், எப்படியும் ஒரு துன்பத்தில் இருக்கிறாள், இதையும் சேர்த்துப் போட்டுவிட்டால்… உன்ர நன்மைக்குத்தான் பிள்ளை, வெள்ளிக்கிழமை…

"மிஸ்."

"என்ன?"

"நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க." பெண் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கனமா இருந்துச்சிங்களா?"

இது என்ன கேள்வி, இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்து கேட்கிற கேள்வியா இது, என்ன சொல்வது, கடையில் வாங்குகிற இரண்டு றாத்தல் பாணின் கனம்கூட இல்லையே, துணிதான் கையில் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல… இல்லை, அப்படியும் இல்லை. "ஓம் பிள்ளை," என்றாள், "நல்ல கனம். என்ர கை விறைச்சுப் போச்சு."

"அப்ப நல்லாத்தான் வளந்திருக்கா," என்றாள் ராக்கம்மா. பிறகுதான் அழுதாள், சத்தமில்லாமல், பையின் மேல் முகத்தை வைத்து, தோள் குலுங்கக் குலுங்க. தலையைத் தடவ வேண்டியதுதானே, இதற்குத்தானே காத்திருந்தாய்… ரத்தினம்மாவின் கை எழவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது, போதகர் வாசலிலேயே நிற்பார், சொல்லிவிட்டீர்களா என்பார், சொல்லவில்லை என்று சொல்லலாம், வெள்ளிக்கிழமையும் இவள் இங்கேதான் என்றுகூடச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் ஏன் என்று கேட்டால்? பொய்யா சொன்னோம், கை விறைத்தது பொய்யில்லையே… மயானத்தில் குழிக்குள் நின்றவன் அண்ணாந்து "தாங்கம்மா" என்று கையை நீட்டினான், அவளும் துணிச்சுருளை நீட்டினாள், பிடியை விடவில்லை, இரண்டாம் தரமும் "தாங்கம்மா" என்றான், மூன்றாம் தரம் கொஞ்சம் உரக்கவே கேட்டான், இந்தக் கிழட்டுச் செவிக்கு என்ன வந்தது என்று அவன் நினைத்திருப்பான், அவளும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்துக்கொண்டாள், காதுதான் கேட்கவில்லை என்று…