நாய்ச் சட்டை

என் மகன் அக்ஜோல் பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாற்பது நாள் கழியும் வரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுத் தும்மவில்லை. தும்மல் வந்தால் மாமனார் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிரைக் கொட்டிலுக்கு ஓடுவார். கதவுத் தாழ்ப்பாளில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தது. கெண்டி சீட்டியடிப்பதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். என் கணவன் குபாத் காலையில் காரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் கிளப்புவான். எல்லாம் ஊல்கான் அக்கா போட்ட சட்டம்.

ஊல்கான் என் ஓரகத்தி, குபாத்தின் அண்ணன் மனைவி. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். அந்த ஐந்தையும் தினம் ஒரு தடவையாவது என் முகத்துக்கு நேரே நீட்டாவிட்டால் அவளுக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது.

இத்தனை அமைதியிலும் பிள்ளை அழுதான். சாயங்காலம் விளக்குப் போடும்போது ஆரம்பித்தால் அவனாகக் களைத்து நிறுத்தினால்தான் உண்டு. இத்தனைக்கும் நரின் நகரத்துப் பிரசவ விடுதியில் சமர்த்தாகத் தூங்கியவன். அங்கே ஒரே அறையில் எட்டுத் தாய்மார், எட்டுப் பிள்ளைகள், தள்ளுவண்டியைச் சுவரில் இடித்துக்கொண்டே வரும் ஒரு தாதி. வீட்டு வாசலை மிதித்ததும்தான் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது.

"வழியில எவளோ கண்ணு போட்டுட்டா," என்றாள் ஊல்கான், கிசுகிசுப்பாக.

நாற்பதாம் நாள் பிள்ளைக்குப் போடும் சட்டையை நாற்பது வீட்டில் துணித்துண்டு வாங்கித் தைக்க வேண்டும். வாங்கி வரக் குபாத் கிளம்பினான். எங்கள் ஊரில் யாரும் வெறும் துணியைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இல்லை. கூடவே ஒரு யோசனையும் கட்டிக் கொடுத்தார்கள். இந்த மனிதனும் ஒன்றைக்கூடச் சிந்தாமல் சுமந்துவந்து என் முன்னால் கொட்டினான்.

"இந்தப் பச்சைத் துணி தபால்காரர் வீட்டுது. புள்ளைய இடது பக்கமா சாய்ச்சு வெச்சுக்கணுமாம்."

"சரி."

"பூப்போட்டது கனிகேய் அக்கா வீட்டுது. இடது பக்கம் சாய்க்கவே கூடாதாம். ஆட்டுவால் கொழுப்பைச் சப்பக் குடுத்தா அழுகை நிக்குமாம்."

"அப்புறம்?"

"டீச்சரம்மா கொழுப்பைக் கண்ணுலயே காட்டாதேன்னாங்க. நீ பால் ஊத்தாத தேநீர் குடிக்கிறதாலதான் அவனுக்கு வயிறு வலிக்குதாம்."

"நான் பால் ஊத்தித்தானே குடிக்கிறேன்."

"நானும் அதைச் சொன்னேன். அப்போ பால் ஊத்துறதாலதான்னு சொல்லிட்டாங்க."

கொழுப்பைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். தொட்டிலில் இறுக்கிக் கட்டினேன், தளர்த்திக் கட்டினேன். கால்மாடு தலைமாடு மாற்றினேன். காட்டுச் செடியைக் கொளுத்திப் புகை போட்டேன். புகையில் பிள்ளை இருமவில்லை, நான் இருமினேன். சத்தமாக இருமிவிட்டேன் என்று ஊல்கானிடம் வசவு வாங்கியதுதான் மிச்சம்.

நாற்பது நெருங்கிய ஒரு நாள், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் குண்டைப் போட்டாள்.

"மீரிம், உன்னால ஆகல. அதுல தப்பு ஒண்ணுமில்ல. நாற்பது கழியட்டும், புள்ளைய நான் என் அறைக்குத் தூக்கிக்கிறேன். பால் குடுக்க மட்டும் நீ வந்து போ. நான் வளத்துத் தரேன்."

மாமனார் கடிக்கிற சத்தம் வரக்கூடாதென்று ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். நான் குபாத்தைப் பார்த்தேன்.

"அதனால என்ன மீரிம்? நானும் பெரியம்மா கையில வளந்தவன்தானே. கெட்டா போயிட்டேன்?"

என் பயமே அதுதான். இவனையும் 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் பெரியம்மா தூக்கிக்கொண்டு போனாளாம். இன்றைக்கு வரை அவள்தான் இவனுக்கு அம்மா. பெற்றவளை, அவள் சாகும்வரை 'சித்தி' என்றே கூப்பிட்டான். நாளைக்கு அக்ஜோலும் ஊல்கான் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னைச் சித்தி என்று கூப்பிடுவான். ஆனால் எந்த வாயால் மறுப்பது? பிள்ளை என் கையில்தானே அழுகிறான்.

நாற்பதாம் நாள் வந்தது. பிறந்ததும் போட்ட முதல் சட்டையைக் கழற்றி, அதில் மிட்டாயையும் பொரித்த மாவுருண்டைகளையும் முடிந்து, நாயின் கழுத்தில் கட்டி விடுவோம். ஊர்ப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து எடுத்துக்கொள்வார்கள். அதனால் அந்தச் சட்டைக்கே நாய்ச் சட்டை என்று பெயர். எங்கள் நாய் அக்தோஷ் முதல் வாரமே குரைத்த குற்றத்துக்காக ஊர்க்கோடிக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது.

"எதிர்வீட்டுக் கிழட்டு நாய் போதும்," என்றாள் ஊல்கான். "அதுக்குப் பல்லும் இல்ல, குரலும் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளையைத்தான் கேட்கிறாள் என்றால், நாயையும் இவளே முடிவு செய்ய வேண்டுமா?

"எம்புள்ளை சட்டை எங்க வீட்டு நாய் கழுத்துலதான் ஏறணும்," என்றேன். அந்த வீட்டில் அன்றுதான் என் குரல் முதல்முறையாகச் சுவரைத் தாண்டியது. குபாத் திடுக்கிட்டுப் போய் அக்தோஷைக் கூட்டி வந்தான், அதுவும் காரை வாசல் வரை ஓட்டிக்கொண்டே.

வழக்கப்படி கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒட்டுச் சட்டையை மாட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் முகம் சிவக்கக் கத்தினான். ஊல்கான் பக்கத்திலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"குடு, இப்பவே என் கைக்குப் பழகட்டும்."

வெளியே முடிச்சைக் கட்டி நாயை அவிழ்த்து விட்டார்கள். தெருப்பக்கம் ஓட வேண்டிய அக்தோஷ், வீட்டுக்குத் திரும்பிய சந்தோஷத்தில் நேராக உள்ளே பாய்ந்தது. பின்னாலேயே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும். அடுக்கி வைத்த தாம்பாளங்கள் சரிந்தன, கெண்டி உருண்டது. "என் சீனாப் பாத்திரம், என் சீனாப் பாத்திரம்" என்று கரண்டியைச் சுழற்றிக்கொண்டு ஊல்கான் நாயைத் துரத்தினாள். மாமனார் இனி அடக்கிப் பயனில்லை என்று கண்டு, நாற்பது நாள் தும்மலையும் மொத்தமாகத் தும்மித் தீர்த்தார்.

அந்தக் கூத்துக்கு நடுவில் என் தோள் கனத்தது. குனிந்து பார்த்தேன். அக்ஜோல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பிரசவ விடுதியின் எட்டுப் பிள்ளைகளும், சுவரில் இடிக்கும் தள்ளுவண்டியும் அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தன. பாவி மகன் இத்தனை நாளும் சத்தம் வேண்டுமென்றுதான் அழுதிருக்கிறான்.

பிள்ளைகள் மிட்டாயோடு வெளியே ஓடியதும் வீடு பழையபடி அடங்கியது. உடனே அவன் புருவம் நெளிந்தது, உதடு பிதுங்கியது. கீழே கிடந்த தாம்பாளத்தைக் காலால் ஒரு எத்து எத்தினேன். அது கூடம் முழுக்க உருண்டு, சுவரில் மோதி விழுந்தது. பெருமூச்சு விட்டு அவன் மறுபடி தூங்கிப்போனான்.

ஊல்கான் மூச்சு வாங்க வந்தாள். அவனைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, கால் நுனியில் நடந்து கிட்டே வந்து கையை நீட்டினாள்.

"தூங்கிட்டானா? மெதுவா... மெதுவா என் கையில குடு," என்று கிசுகிசுத்தாள்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"சத்தமாப் பேசுங்க அக்கா," என்றேன். "எம்புள்ளை தூங்குறான்."