வைக்கோலுக்கு ஒரு நாடகம்

மாதா கோயிலில் பூசை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில் கோயில் பெரியவர் இருதயசாமி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கம் களத்துமேட்டில் சில பெண்கள் வேஷம் கட்டி ஆடப்போவதாகக் கேள்வி என்றும், மானமுள்ள குடும்பத்தில் பிறந்த யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பெண்கள் பக்கத்தில் அத்தனை முக்காடுகளும் அன்னபுஷ்பத்தை நோக்கித் திரும்பின. அவள் அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி. தண்டலம் ரோட்டோரம் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள்.

அன்னபுஷ்பம் எழுந்தாள். அந்தக் கோயிலில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர ஒரு பெண்ணின் குரல் அதுவரை கேட்டதில்லை.

"மாமா சொன்னதுல ஒண்ணு வுட்டுப்போச்சு," என்றாள். "நாடகம் சாயந்தரம் நாலு மணிக்கு. காசு இல்லாதவங்க ஒரு கட்டு வைக்கோல் கொண்டாந்தா போதும்."

பங்குச் சாமியார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேற்கொண்டு அறிவிப்பு எதுவும் இல்லாமலேயே கோயில் கலைந்தது.

இதெல்லாம் தொடங்கியது முந்தைய வருஷத்துக் கோடையில். மழை பொய்த்து ஏரியெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்போது அந்தப் பக்கத்தில் கம்பெனி என்று ஒன்றும் வரவில்லை. பெங்களூர் ரோடுதான் உண்டு. சந்தையில் வாங்கிய அடிமாடுகளை மெட்ராசுக்கு அந்த ரோட்டில்தான் ஓட்டிக்கொண்டு போவார்கள். நடக்கமுடியாமல் விழுந்ததை அப்படியே ஓரத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் துணி வாங்கிக்கொண்டு திரும்பிய அன்னபுஷ்பம் அப்படி ஒரு காளையைப் பார்த்தாள். உயிர் இருந்தது. காக்கைகள் அதற்குள்ளாகவே கண்ணைக் கொத்த ஆரம்பித்திருந்தன. துணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காக்கைகளை விரட்டினாள். அவள் நகர்ந்தால் அவை திரும்பி வந்தன. பொழுது சாயும்வரை நின்று விரட்டியபின், இனிமேல் இதை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செங்கல் சூளை வேலை முடிந்து அந்த வழியாக வந்த மீனம்மாள்தான் ஆள் சேர்த்து, கட்டைவண்டி பிடித்து, காளையை ஏற்ற உதவினாள். அதற்குமுன் இருவருக்கும் பழக்கம் கிடையாது.

காளையைப் பார்த்து மற்றவை வந்தன. வந்தன என்பதைவிடக் கொண்டுவந்து கட்டப்பட்டன என்பதே சரி. பார்வை போன ஒரு ஜட்கா குதிரை, லாரி அடித்த நாய்கள், முதுகுத்தோல் உரிந்த கழுதை. புருஷன் பங்குக்கு வந்த ஏரிக்கரை மேட்டில் பனைமட்டையால் வேலி கட்டி அவற்றை வைத்திருந்தாள். கூரை இல்லை. தண்ணீர் குடத்தில்தான் போகவேண்டும். வெயிலில் புண்கள் ஆறாமல் புழு வைத்தன. காப்பாற்றிக் கொண்டுவந்தவை தன் வேலிக்குள்ளேயே தாகத்தில் நாக்கைத் தொங்கவிட்டு நிற்பதைப் பார்க்கும்போது, இதற்கு அந்தக் காக்கைகளே மேல் என்று சில நாள் அவளுக்குத் தோன்றியதுண்டு. அந்த நினைப்பு வந்த நாளெல்லாம் யார்மேல் என்று தெரியாத ஒரு கோபமும் கூடவே வந்தது.

உண்டியல் ஏந்தி வீடுவீடாகப் போனாள். இருதயசாமி தன் வாசலிலேயே நிறுத்தி, மனுஷனுக்கே கஞ்சி இல்லாத காலத்தில் நொண்டி மாட்டுக்குப் பிச்சை எடுத்துக் குடும்பத்தின் பெயரைக் கெடுக்கிறாயே என்று கேட்டார். அது நியாயமில்லாத கேள்வி என்று அவளால் சொல்லமுடியவில்லை. மீனம்மாள் வீட்டு அடுப்பே ஒருவேளைதான் எரிந்தது.

"கஞ்சித்தொட்டி வையுங்க மாமா, நானே வந்து கிண்டுறேன்," என்றாள். "அதுக்காக இதுங்கள சாவவுட முடியாது."

அவர் கஞ்சித்தொட்டியும் வைக்கவில்லை.

நாடகம் போடலாம் என்றது மீனம்மாள். அவள் அப்பா கூத்தாடியவர். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்ததை அவள் சமையலறையில் இருந்தபடி பாடம் பண்ணி வைத்திருந்தாள். ஆண்கள் யாரும் அவர்களோடு வேஷம் கட்ட ஒப்பவில்லை. சரி, ராஜாவும் நாமே மந்திரியும் நாமே என்று பெண்களே கட்டினார்கள். பேச்சைக் கேட்காத ஒரு ராணியைப் பற்றி இருவருமாகக் கதை பண்ணினார்கள். பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுகிறவனிடம் இருதயசாமி சொல்லிவைத்துவிட்டார் என்று தெரிந்ததும், விளக்கே வேண்டாம், வெளிச்சத்திலேயே ஆடுவோம் என்றாள் அன்னபுஷ்பம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போகாதே என்று சொன்னதாலேயே பாதி ஊர் வந்தது. வைக்கோல் கட்டுகள் களத்தின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஏறின. சேரப்பணஞ்சேரியிலிருந்து கிணற்றுப் பாசனக்காரர் ஒருவர் வண்டியோடு வந்திருந்தார். ராஜா வேஷத்தில் அன்னபுஷ்பம் வந்து நின்றாள். அட்டைக் கிரீடம், கரியால் தீட்டிய மீசை. முதல் வசனத்துக்குமுன் தோள் துண்டை உதறி மறு தோளில் போட்டு, தொண்டையை மூன்று தரம் செருமினாள்.

முதலில் சிரித்தது இருதயசாமியின் மனைவி அருள்மேரி. இத்தனை வருஷமாக அந்தச் செருமலைக் கேட்டே காலையில் கண் விழிக்கிறவள் அவள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் அடக்கமுடியவில்லை. பிறகு களமே சிரித்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு இருதயசாமி வந்தார். மேடையென்று போட்டிருந்த கட்டில்களின் எதிரில் நின்றார்.

"எறங்கு புஷ்பம். சிரிச்சது போதும். எறங்கு."

பாட்டு நின்றது. மீனம்மாளின் கையில் தாளம் அப்படியே இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் அன்னபுஷ்பம் உட்கார்ந்ததுகூட இல்லை. இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். வைக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்கள். ஏரிக்கரை மேட்டில் குடம் தூக்குவாள். நினைத்துக்கொண்டே சிம்மாசனமாக வைத்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டாள்.

"மந்திரி," என்றாள். "சபையில குறுக்க பேசறது யாருன்னு கேளு."

மந்திரி வேஷத்திலிருந்த மீனம்மாள் இடுப்பில் கைவைத்து அவரைப் பார்த்தாள். "இன்னா ஓய், ராஜா கேக்கறாரு. வைக்கோல் கொண்டாந்தியா?"

இதுவும் கதையில் உள்ளதுதான் என்று பாதிப்பேர் நினைத்தார்கள். இல்லை என்று தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இருதயசாமி, கூட்டத்தில் யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு வந்த வழியே போனார். அருள்மேரி எழுந்திருக்கவில்லை, நாடகம் முடியும்வரை இருந்து பார்த்தாள்.

வசூலில் தகரக் கொட்டகை போட்டார்கள். கைப்பம்பு ஒன்று இறக்கி, சிமெண்டில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். மருந்துக்குக் காசு இருந்ததால் மாட்டு டாக்டர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒழுங்காக வந்து கட்டுப் போட்டார். கழுதையின் முதுகில் புதுத்தோல் ஏறி, அதன்மேல் பூனைமுடி போல ரோமம் முளைத்தது. குதிரை நிழலில் நின்று கால் மாற்றிப் போட்டுத் தூங்கப் பழகியது. முதல் காளை நொண்டிக்கொண்டே போய்த் தொட்டியில் மூக்கை முக்கி, வேண்டாதபோதும் குடித்தது. அன்னபுஷ்பம் மிஷினை விட்டுவிட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இருதயசாமி அவளோடு பேச்சை நிறுத்தினார். நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை சேரப்பணஞ்சேரியிலிருந்து மறு லோடு வைக்கோல் வந்தபோது, மேட்டுக்குப் போகும் வண்டிப்பாதை முழுக்க வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. அதற்கப்பால் அவர் நின்றார், கையில் கொடுவாளுடன்.

"இது என் பாத," என்றார்.

அன்னபுஷ்பம் புடவையைத் தூக்கிச் செருகினாள். வண்டிக்காரரிடம் வைக்கோலை அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டு, சூளைக்கு ஆளனுப்பினாள். மீனம்மாள் வந்தாள், நாடகத்தில் ஆடியவர்கள் வந்தார்கள், ஆடாதவர்கள் சிலரும் வந்தார்கள். முதல் கட்டைத் தலைக்கு ஏற்ற அன்னபுஷ்பத்துக்கு ஒரு கை தேவைப்பட்டது. பின்னாலிருந்து யாரோ தூக்கிவிட்டார்கள். கண்ணாடி வளையல் சத்தத்தில், திரும்பாமலேயே அது அருள்மேரி என்று தெரிந்தது.

பாதையை விட்டு அவர்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். வெடித்த மண்ணில் கால் பார்த்து வைக்கவேண்டியிருந்தது. கரையில் நின்ற இருதயசாமிக்குப் பெண்களின் முகம் ஒன்றும் தெரிந்திருக்காது. காய்ந்த ஏரியின் குறுக்கே வைக்கோல் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோயின. எதிர்மேட்டில், தகரக் கொட்டகையின் நிழலில், வாசனை பிடித்த மிருகங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.