மீன் அவ்வளவு பெரிதில்லை

என் வேலை என்னவென்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். "இன்டர்நெட்ல இருக்கறதை எல்லாம் லைப்ரரில எடுத்து வைக்கறீங்களா? எதுக்கு?" என்பார்கள். அப்படிக் கேட்டவர்கள்தான் நாலு வருடம் கழித்து, காணாமல் போன கல்யாணப் படத்தைத் தேடித் தரச் சொல்லி போன் செய்வார்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தேடித் தருவேன்.

ரெய்க்யாவிக்கில் தேசிய நூலகத்தில் இருக்கிறேன். பெயர் ஸ்டெய்ன்வோர். வருடத்துக்கு மூன்று முறை எங்கள் இயந்திரம் ஐஸ்லாந்தின் இணையப் பக்கங்களுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய், அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே நகல் எடுத்து வந்துவிடும். முகவரி டாட் ஐஎஸ் என்று முடிந்தால் போதும். அதற்கு அமைச்சரும் ஒன்றுதான், பூனை வளர்ப்போர் சங்கமும் ஒன்றுதான். ஆனால் நம் ஆட்களில் சிலர் வெளிநாட்டு முகவரியில் கடை விரித்திருப்பார்கள். அந்தப் பக்கம் இயந்திரம் தானாகப் போகாது. யாராவது தேடிப் பிடித்து, படித்து, அட்டவணையில் பதிந்து, நாள் குறித்து அனுப்பி வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த யாராவது நான்தான்.

'ஸ்கேல்விக் செய்திகள்' போன செப்டம்பரில் அப்படித்தான் என் கண்ணில் பட்டது. ஸ்கேல்விக் நாட்டின் வடமேற்குக் கோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவில், நாற்பத்தோரு பேர் இருக்கும் ஊர். தோர்கில்ஸ் என்ற கிழவர், ஓய்வு பெற்ற மீனவர், பதிமூன்று வருடமாக வாரம் இரண்டு முறை ஊர்ச் செய்தி எழுதியிருந்தார். எந்தப் படகு வந்தது, எந்தச் சாலை பனியில் மூடியது, யாருடைய ஆடு மலையிலிருந்து இறங்கவில்லை என்று. ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஒரே ஆள் கருத்து எழுதியிருந்தாள். அவர் மனைவி ஸ்வான்போர்க்.

"இன்று கை அகலத்துக்கு மேல் வாய் உள்ள காட் மீன் பிடித்தேன்" என்று இவர் எழுதியிருப்பார். கீழே அவள்: "மீனைப் பார்த்தேன். அவ்வளவு பெரிதில்லை. வாய் பெரிது யாருக்கு என்று ஊருக்குத் தெரியும்."

வேலை மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சிரித்தேன். எழுத்துப் பிழைக்கும் குறைவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இரண்டரை வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச்சோடு அவள் எழுத்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவர் எழுதியிருந்தார். "காற்று வடகிழக்கு. மீன் இல்லை." "சாலை திறந்திருக்கிறது." அவ்வளவுதான். பொய்யே இல்லை.

அட்டவணையில் பதிந்தேன். அக்டோபர் பதினாலு என்று நாள் குறித்தேன். பிறகு போனை எடுத்தேன். சட்டப்படி நான் யாரிடமும் சொல்லத் தேவையே இல்லை. மரியாதை என்பது எனக்கு ஒரு வியாதி.

"யாரு?" என்றது குரல்.

"நேஷனல் லைப்ரரிலேர்ந்து ஸ்டெய்ன்வோர் பேசறேன்."

"அது உன் வேலை. நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

அப்பா பெயர், தாத்தா பெயர், அம்மா பிறந்த பண்ணை எல்லாம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் என் அம்மாவின் பாட்டியும் அவர் பாட்டியும் சித்தி பெரியம்மா மக்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"அப்போ நம்ம பொண்ணுதான். சொல்லு கண்ணு."

"அக்டோபர் பதினாலாம் தேதி எங்க மெஷின் உங்க பக்கத்துக்கு வரும். எல்லாத்தையும் நகல் எடுத்துக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

"காபி கூட வேணாமா?"

"மெஷின் காபி குடிக்காது, தோர்கில்ஸ்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன்.

பதிமூன்றாம் தேதி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். செய்திகள் இருந்தன. கீழே ஒன்றும் இல்லை. அடுத்த பக்கம், அதற்கு முந்தைய வருடம், முதல் வருடம். ஸ்வான்போர்க் எங்குமே இல்லை. உடனே போன் செய்தேன்.

"பாத்தியா?" என்றார் பெருமையாக. "சுத்தமா இருக்கா? மூணு வாரம் ஆச்சு. ஒவ்வொண்ணா அழிச்சேன்."

"ஏன் தோர்கில்ஸ்? ஏன்?"

"நாட்டோட லைப்ரரிக்குப் போகுதுன்னியே. அவ பதினாலு வயசுல ஸ்கூலை விட்டுட்டு மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவ. எழுத்துல தப்பு இருக்கும். படிச்சவங்க பாத்துச் சிரிச்சா அவளுக்கு அவமானம். ஊர்ல வேற ஒருத்தர் பாக்கி இல்லாம வெச்சு வாங்கியிருக்கா. அதெல்லாம் நாளைக்கு நிக்கணுமா?"

அப்படிப் படித்துச் சிரித்தது நான்தானே.

அவர் குரல் இறங்கிவிட்டது. "எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் அழிச்சேன். அழிக்கும்போது ஒண்ணும் தோணல. அவகூட உக்காந்து வேலை பாக்கற மாதிரிதான் இருந்துச்சு. முடிஞ்ச மறுநாள் காலைல கம்ப்யூட்டரைத் திறந்தா என் பேச்சு மட்டும் இருக்கு. நான் ஒரு முட்டாள். உங்ககிட்ட பழசு ஏதாவது இருக்குமா கண்ணு?"

"உங்ககிட்ட வேற நகல்?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

"பாக்கறேன்" என்றேன். வெளிநாட்டு முகவரி, இயந்திரம் அங்கே போனதே இல்லை, ஒன்றும் இருக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன் எய்விந்தர். எனக்கு எதிர் மேஜை. நடந்ததைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "விருந்தாளி இன்ன தேதிக்கு வர்றேன்னு சொன்னா, வீட்டைக் கூட்டத்தான் செய்வாங்க. உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"குத்திக்காட்டினது போதும். வழி சொல்லு."

"முகப்புப் பக்கத்தைத் தேடினியா?"

"தேடிட்டேன். ஒண்ணும் இல்ல."

"உள்பக்கங்களை?"

"முகப்பே இல்லாம உள்பக்கம் எப்படி இருக்கும்?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "நம்ம மெஷின் நாட்டு எல்லைக்குள்ளதான் சுத்தும். ஆனா இங்க இருக்கற ஒரு பக்கம், 'இதோ பாருங்க'ன்னு வெளிய ஒரு பக்கத்தைக் காட்டினா, ஒரே ஒரு அடி வெளிய வைக்கும். அந்த ஒத்தைப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டுத் திரும்பிடும். ஊர்ல யாராவது அவங்க பக்கத்துலேர்ந்து இவர் செய்திக்கு இணைப்பு குடுத்திருந்தா..."

அவன் முடிப்பதற்குள் நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தேன். அந்த முகவரியில் தொடங்கும் எல்லாம் வேண்டும் என்று கேட்டேன். வந்தது முப்பத்தேழு பக்கம். ஆயிரத்துக்கு மேல் இருந்த இடத்தில் முப்பத்தேழு. மேஜையிலேயே அழுதுவிட்டேன். எய்விந்தர் எழுந்துபோய் எனக்குக் காபி கொண்டுவந்தான். அவன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

இயந்திரத்தை இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளி வைத்துவிட்டு, தோர்கில்ஸைக் கூப்பிட்டேன்.

"முப்பத்தேழு கெடைச்சிருக்கு."

"படி" என்றார்.

நீச்சல் குளத்துக் கமிட்டியின் பக்கத்திலிருந்து வந்தது ஒன்று. வெந்நீர்த் தொட்டி திறக்கப்பட்டது என்று அவர் செய்தி. ஸ்வான்போர்க்: "போர்டில் நாற்பது டிகிரி என்று போட்டிருக்கிறது. தண்ணீரைத் தொட்டேன், போர்டையும் தொட்டேன். போர்டுதான் சூடு." கமிட்டி கோபத்தில் அதைத் தன் பக்கத்தில் இணைத்து நீளமாக ஒரு மறுப்பு எழுதியிருந்தது. தேவாலயப் பாடகர் குழு இணைத்தது இன்னொன்று: "நாலு பேர் பாடினார்கள். ஒரே சமயத்தில் முடித்தது மட்டும்தான் பொருத்தம்." மீட்புப் படையினர் தாங்களே சிரித்து இணைத்தது: "என் கணவரைத் தேடப் போன ஆறு பேரை என் கணவர் தேடிக் கூட்டி வந்தார்."

மறுமுனையில் அவர் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏய், இதெல்லாம் இருக்கறதுலயே மோசமானது! இதையா எடுத்து வெச்சீங்க?"

"யாரையாவது சுருக்குன்னு தெச்சாத்தானே இணைப்பு குடுப்பாங்க? நல்லதா எழுதியிருந்தா எவன் கண்டுக்கப்போறான்?"

"நல்லதா அவ எழுதினதே இல்ல" என்றார். பிறகு, "போர்டை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

"அனுப்பு கண்ணு. நானே திரும்ப ஏத்தறேன். எல்லாம் இருந்த எடத்துல. தப்பைத் திருத்தவா?"

"கை வெச்சீங்கன்னா தெரியும்."

"சரி, சரி. அவளை மாதிரியே மெரட்டற." கொஞ்சம் தயங்கினார். "உங்க அட்டவணைல யார் பேர் இருக்கு?"

எனக்குச் சுரீரென்றது. ஒரு மத்தியானம் முழுக்க அவள் எழுத்தைப் படித்துச் சிரித்தவள், ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயரை மட்டும்தான் போட்டிருந்தேன். அங்கேயே, அவர் போனில் இருக்கும்போதே, திருத்தினேன். எங்கள் நாட்டில் அட்டவணையும் முதல் பெயர்ப்படிதான்; எங்கள் எழுத்து வரிசையில் ஸ்வான்போர்க் முன்னால் வந்தாள், தோர்கில்ஸ் பின்னால்.

"உங்க பேர் ரெண்டாவதா வருது" என்றேன்.

"அதுதான் சரி" என்றார்.

முப்பத்தேழையும் ஒரு வாரத்தில் ஏற்றிவிட்டார். ஆயிரத்துச் சொச்சம் செய்திகளுக்குக் கீழே இடம் காலியாகவே இருந்தது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை புதுச் செய்தி ஒன்று வந்திருந்தது. "இன்று ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள காட் மீன் பிடித்தேன். தூக்கும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது."

இரண்டரை வருடத்தில் முதல் பொய். சந்தோஷமாக இருந்தது. கீழே இருந்த காலி இடத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மறுநாள் நூலக வாசலுக்கு என் பெயரில் ஒரு தெர்மோகோல் பெட்டி வந்தது. ஐஸுக்கு நடுவில் ஒரு காட் மீன். மேலே நனைந்த சீட்டு: "நம்ம பொண்ணுக்கு. செய்தியில் எழுதினேனே, அதே மீன்." எய்விந்தர் அளவுகோலை எடுத்து வந்து மூக்கிலிருந்து வால்வரை வைத்தான். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.

"பாதி எனக்கு" என்றான். கொடுத்தேன். மீதியை வீட்டில் உருளைக்கிழங்கோடு வேகவைத்து வெண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டேன். நல்ல மீன்.

எங்கள் வேலையில் ஒரே ஒரு விதிதான் புனிதமானது: சேகரிக்கிற எதிலும் கை வைக்காதே. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கமா கூட நான் தொட்டதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவருடைய மீன் செய்திக்குக் கீழே, அந்தக் காலி இடத்தில் எழுதினேன்:

"மீனைப் பார்த்தேன். அவ்வளவு பெரிதில்லை. ஸ்டெய்ன்வோர், ரெய்க்யாவிக்."

இருபத்தெட்டாம் தேதி இயந்திரம் போய்த் திரும்பியது. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தனை வருடத்தில் ஸ்வான்போர்க் எழுதிய எதற்கும் தோர்கில்ஸ் கீழே பதில் எழுதியதில்லை. பதில் சொல்ல அவர்களுக்குச் சமையலறை இருந்தது. கடைசிப் பக்கத்தில், என் வரிக்குக் கீழே, முதல்முறையாக அவர் எழுதியிருந்தார்:

"தண்ணீரில் இருந்தபோது பெரிதாகத்தான் இருந்தது."