பூசணியை எடுத்தவர்

கடைசியாக அவர் எங்கள் வீட்டில் செய்த வேலை, துணிக்கொடியை இழுத்துக் கட்டியது. இரவு ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனவர், என் ஈரப் புடவை தரையில் புரள்வதைப் பார்த்தார். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கம்பியை முறுக்கினார்.

"இப்போ போடு. யானையவே காயப்போடலாம்."

"யானைய எவன் தோச்சுக் குடுப்பான்?" என்றேன்.

சிரித்தார். கொஞ்சம் தூங்கிவிட்டு மத்தியானமே மறுபடி கிளம்பிப் போனார். அந்த வாரம் முழுவதும் அவருக்கு இரட்டை டூட்டி.

அவர் பெயர் ஸ்டீபன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். நான் அவர் மனைவி மெர்சி. இரட்டை டூட்டி எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பூசணிக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் காலனி, ஆரம்பாக்கம் போகும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஊர் அந்தப் பக்கம். பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய் ஊரோடு நின்றுவிடும். எங்களுக்கு லாரித் தண்ணீர்தான். காலனி போர்வெல்லில் வருவது துரு நிறத்தில் இருக்கும். அதில் சோறு வடித்தால் சோறும் அந்த நிறமாகும். துளசிராமன் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த ஐந்து வருடமும் "அடுத்த நிதியில வந்துடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காலம் முடிந்த பிறகு மூன்று வருடம் தேர்தலே நடக்கவில்லை. நடக்கப்போகிறது என்று பேச்சு வந்தபோது, நம்மில் ஒருவரை நிறுத்துவோம், எந்தக் கட்சிக்காரன் காசும் வேண்டாம், செலவுக்கு நாமே சேர்ப்போம் என்று முதலில் சொன்னவர் ஸ்டீபன்தான்.

சேர்க்கும் வழி எங்களுக்குத் தெரிந்த வழி. சபையில் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுவருவோம். அதையே தேர்தலுக்கும் செய்தோம். காலனியிலேயே சபைக்கு வராத அம்மன் கோயில் தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்த அரிசியை வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளில் விற்றோம். நான்கைந்து மாதம் இப்படியே போனது. காலனியில் அத்தனை பேரும் ஒரே காரியத்தைப் பற்றிப் பேசிய காலம் அது ஒன்றுதான்.

அம்மன் கோயில் தெருவைச் சேர்த்தவர் வரதன். ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி. அவரும் ஸ்டீபனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கூட்டத்தில் யார் முன்னால் பேசுவது என்று லேசாக உரசிக்கொண்டார்கள். பிறகு நோட்டீஸில் யார் பெயர் மேலே வருவது என்று.

"ஆரம்பிச்சது நானு" என்றார் ஸ்டீபன்.

"ஆரம்பிச்சவன் பேரு மேல, ஆள் சேத்தவன் பேரு கீழயா? மச்சான், உன் தெரு ஓட்ட மட்டும் வெச்சிக்கினு நீ ஊட்டுக்குத்தான் தலைவராவலாம்" என்றார் வரதன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீபனும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை.

யார் வேட்பாளர் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசினால் உடைந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தேர்தல் அறிவிப்பு வந்தபோது கையில் இருந்தது போதவில்லை. சபை மூப்பர் மோசஸ் மாமா ஒரு யோசனை சொன்னார்: அறுப்பின் பண்டிகையில் போடுகிற மாதிரி ஓர் ஏலம் போடலாம்.

எங்கள் பண்டிகை ஏலம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் விளைந்ததை, வளர்த்ததை ஆளுக்கொன்று கொண்டுவந்து படைப்போம். அதை ஏலம் விடுவார்கள். ஒரு முட்டையை ஒரு கோழி விலைக்கு எடுப்பார்கள். கடவுளுக்குப் போகிற காசு என்பதால் யாரும் விலை பார்ப்பதில்லை. அம்மன் கோயில் தெருக்காரர்களும் வருடா வருடம் வந்து சேவலும் கீரையும் எடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு பெரிய சர்க்கரைப் பூசணி வரும். அதை எடுப்பவர்தான் அடுத்த வருடப் பண்டிகைக்குத் தலைவர். அவர் அதை வெட்டி வீட்டுக்கு ஒரு துண்டு அனுப்ப வேண்டும். காசை உடனே கட்ட வேண்டியதில்லை. அடுத்த பண்டிகை வரைக்கும் தவணை உண்டு.

பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏலம் நடந்தது. கோழி போனது, புடலங்காய் போனது, ஒற்றை எலுமிச்சம்பழத்தை மூன்று பேர் அடித்துக்கொண்டு எடுத்தார்கள். வேட்பாளரை இப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மோசஸ் மாமா பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கியதும் மைதானம் அடங்கிப்போனது. அப்போதே அவர் அதைக் கீழே வைத்திருக்கலாம்.

ஸ்டீபன் கேட்டார். வரதன் ஏற்றினார். மூன்றாவதாக யாருமே கேட்கவில்லை.

"இன்னா நைனா, பூசணிக்காயா, பொன்னா?" என்று மோசஸ் மாமா ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமான குரல். விளையாட்டு இல்லை என்பது அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விலை எங்கள் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியபோது நான் இவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். திரும்பிப் பார்க்காமலேயே என் கையைத் தட்டிவிட்டு இன்னும் ஏற்றினார்.

வரதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "உடு மாமா. என்னாண்ட டப்பு இருக்குது. ஆனா பூசணிக்காய் மேல அவ்ளோ பைத்தியம் இல்ல."

எங்கள் தெரு கைதட்டியது. ஸ்டீபன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் நானே துண்டு போட்டு வீடு வீடாகக் கொடுத்தேன். சாயங்காலம் வரதன் மனைவி ஜோதிலட்சுமி ஒரு தட்டை மூடிக்கொண்டு வந்தாள். உள்ளே நான் கொடுத்த துண்டு அப்படியே இருந்தது.

"கோச்சிக்காத மெர்சி. அவுருக்குப் பூசணி சேராதாம்."

"போன வருசம் பொரியல் கேட்டு வாங்கினு போனாரே."

"போன வருசம் சேந்துச்சி" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த கூட்டத்தில் வரதன் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏலக் காசு எங்க?"

"அடுத்த பண்டிக வரிக்கும் டைம் இருக்குது" என்றார் ஸ்டீபன். "அதான வழக்கம்."

"மச்சான், இது கோயில் பண்டிகையா? துளசிராமன் அடுத்த பண்டிக வரிக்கும் காத்துக்கினு இருப்பானா? நோட்டீசு அடிக்கறவன் பூசணி வெத வாங்கிப்பானா?"

சிரித்தார்கள். இந்த முறை எங்கள் தெருவிலும் சிரித்தார்கள். வழக்கம் என்றால் தவணை உண்டு; வழக்கம் இல்லை என்றால் பூசணிக்கே அர்த்தம் இல்லை. கடைசியில் கை தூக்கி முடிவு செய்தார்கள்: வேட்புமனுவின் கடைசி நாளுக்குள் ஸ்டீபன் காசை வைக்க வேண்டும், வைக்காவிட்டால் பூசணி அடுத்தபடி கேட்டவருக்குப் போய்விடும். பூசணிக்காய் அதற்குள் எல்லோர் வயிற்றிலும் கரைந்துவிட்டிருந்தது.

அன்றைக்கு வீட்டில் கேட்டேன். "உட்டுக் குடுத்துடுங்களேன். அவுரே நிக்கட்டும். தண்ணி வந்தா போதாதா?"

"அவன் நின்னா தண்ணி வராது மெர்சி. ஆள் காண்ட்ராக்டுதான் வரும். இப்போ மேஸ்திரி, அப்பறம் பெரிய மேஸ்திரி. நம்ம பசங்க காலத்துக்கும் அவன் கேட்டு வாசல்ல நிப்பாங்க."

அது உண்மையாக இருக்கலாம். இவருக்கு நிற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆலை ஒப்பந்தக்காரரிடம் பேசினார். மனு முடியும் வரை இரட்டை டூட்டி பார்ப்பதாகச் சொல்லி, முன்பணம் கேட்டார். வேலையைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார் ஒப்பந்தக்காரர்.

துணிக்கொடியைக் கட்டிவிட்டுப் போன அன்று சாயங்காலம், உருளைகளுக்கு நடுவிலிருந்து வந்த சிவந்த கம்பி தடம் மாறி வெளியே பாய்ந்தது. மற்றவர்கள் குதித்து விலகினார்கள். இவர் விலகவில்லை. நின்றுகொண்டே கண் செருகியிருக்க வேண்டும் என்று கூட வேலை செய்த பையன் சொன்னான். சென்னைக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் இருந்தார். பேச்சு இல்லை.

அடக்கத்தில் வரதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை. ஆனால் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடிக்கப் போனபோது ஸ்டீபனின் தம்பி லோகு அவர் கையைத் தட்டிவிட்டான்.

"முன்னாடி நீ புடிக்காத. போயி பின்னாடி நில்லு."

"எனக்கும் அவன் மச்சான்டா."

"மச்சானாம்! கொன்னுட்டு மச்சானாம்!"

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். மோசஸ் மாமா வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மனுவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. அடக்கத்துக்கு மறுநாள் காலையில் லோகு வந்தான். செல்லில் ஒரு பிளக்ஸ் டிசைனைக் காட்டினான்.

"அண்ணி, நீங்க நில்லுங்க. ஒண்ணும் பேச வேணா. அண்ணன் போட்டோ போதும், ஜெயிச்சிரலாம்."

எங்கள் கல்யாணப் படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்திருந்தார்கள். அவர் தோளோடு ஒட்டி என் புடவைக் கரை கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நான் நிக்கல லோகு. நீயும் நிக்காத. யாராச்சும் ஒருத்தர் நின்னா போதும். அது வரதனா இருந்தாலும் இருக்கட்டும்."

"அண்ணன் செத்ததே அவனால. அவனுக்கு ஓட்டு போடுவீங்களா?"

"அண்ணன் எதுக்குடா நிக்க ஆசப்பட்டாரு? தண்ணிக்குத்தானே?"

லோகு செல்லைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அன்றைக்கே மனுத் தாக்கல் செய்தான். வரதனும் செய்தார். வாபஸ் வாங்கச் சொல்லி நான் வரதன் வீட்டுக்கும் போனேன்.

"நான் வாங்கிடறேன் தங்கச்சி. மொதல்ல அவன வாங்கச் சொல்லு" என்றார். லோகுவும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னான். வாபஸ் நாள் முடிந்தது.

சேர்த்து வைத்திருந்ததை இரண்டு பேரும் கேட்டார்கள். மோசஸ் மாமா சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். நியாயமான மனிதர். கைப்பிடி கைப்பிடியாக நாங்கள் எடுத்து வைத்த அரிசி, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்லும் நோட்டீஸ் ஆனது. காலனி முனையில் இரண்டு பிளக்ஸ்கள் எதிரெதிரே நின்றன. ஒன்றில் என் புடவைக் கரையோடு மாப்பிள்ளைக் கோலத்தில் ஸ்டீபன், கீழே லோகு. இன்னொன்றில் தோளில் பூசணிக்காயோடு ஸ்டீபன், கீழே வரதன். "அண்ணன் கனவை நனவாக்க" என்று ஒன்று. "நண்பன் கனவை நனவாக்க" என்று மற்றொன்று. லாரித் தண்ணீருக்குப் போகும்போது நான் நடுவில் நடந்து போக வேண்டும்.

துளசிராமன் எங்கள் தெருவுக்குள் வரவேயில்லை. அவருடைய வண்டி முனையில் நின்று, இரண்டு பிளக்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள்.

நான் ஓட்டுப் போட்டேன். வாக்குச் சீட்டில் பூட்டும் ஆட்டோவும் இன்னும் ஏதேதோ சின்னங்களும் இருந்தன. அந்த மாதத்தில் ஸ்டீபன் படம் இல்லாத காகிதமாக நான் பார்த்தது அது ஒன்றுதான். லோகுவின் ஓட்டையும் வரதனின் ஓட்டையும் கூட்டினால் துளசிராமனுடையதைவிட அதிகம் வந்தது. கூட்டுவதற்கு யாரும் இல்லை. துளசிராமன் ஜெயித்தார்.

அம்மன் கோயில் தெருப் பெண்கள் இப்போது எங்களோடு அரிசி எடுத்து வைப்பதில்லை. பண்டிகை ஏலத்துக்கும் வருவதில்லை. ஜோதிலட்சுமி எதிரில் வந்தால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். மோசஸ் மாமா மறு வருடமே ஏலம் கூவுவதை நிறுத்திவிட்டார். குரல் வரவில்லை என்றார். காலனிப் பையன்கள் பாதிப் பேர் வரதனிடம் வேலைக்குப் போகிறார்கள். லோகுவும் போகிறான்.

தேர்தல் முடிந்து சில வாரம் கழித்து, லாரி வராததால் நாங்கள் குடத்தோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். வாசலில் தலைவர் பெயர்ப் பலகை தொங்கியது. துளசிராமன் முதல்முறை ஜெயித்தபோது எழுதியது. இடையில் தலைவரே இல்லாத வருடங்களிலும் யாரும் கழற்றியிருக்கவில்லை. பெயின்டர் ஒருவர் டப்பாவோடு வந்து, புதிதாக எழுத வேண்டுமா என்று உள்ளே கேட்டார்.

"எதுக்குப்பா? அதே பேருதானே. தூசு தட்டிட்டுப் போ."

துளசிராமனுடைய இரண்டாவது பதவிக் காலமும் முடிந்துவிட்டது. இப்போது மறுபடியும் தலைவர் இல்லை, தேர்தலும் வரவில்லை. பலகை இன்னும் அங்கேயே தொங்குகிறது.