தையல் கூடத்துச் சாவி

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இந்த இடம்தானேம்மா?" என்று கேட்டாள். அம்மா தரையைப் பார்த்தாள். மாடியிலிருந்த அந்தத் தையல் கூடத்தை மூடிப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. இயந்திரங்களை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; அவை நின்ற இடங்களில் நான்கு நான்காகத் துளைகள் மட்டும் மிச்சம். புறாக்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த கூடத்தை மகளும் அவள் நண்பர்களும் மூன்று மாதம் கூட்டிப் பெருக்கி, சுவரைச் சுரண்டி வெள்ளையடித்து, தெருக்காரர்கள் வந்து பாடவும் வரையவும் நடிக்கவும் ஒரு கலைக்கூடமாக ஆக்கியிருந்தார்கள். "இதேதான்" என்றாள் அம்மா. அது பொய்யில்லை. முதல் ஆறு வருடம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் காலர் தைத்தாள்.

அதற்குப் பிந்தைய பன்னிரண்டு வருடத்தைப் பற்றித்தான் வீட்டில் பேச்சே கிடையாது. ஏழாம் வருடம் அவளை மேற்பார்வைக்கு ஏற்றினார்கள். மேற்பார்வை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. காலையில் எல்லோரும் உள்ளே போனதும் இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்ட வேண்டும். அன்றைக்குச் சொன்ன சட்டைகள் தைத்து முடிந்ததும் திறக்க வேண்டும். நடைவழியில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு மின்விசிறி. உள்ளே யாருக்காவது அவசரமென்றால் கத்தரிக்கோல் பிடியால் கதவை மூன்று தட்டு தட்டுவார்கள். பாதி நேரம் அது காதில் விழாதவள் போலவே இருந்துவிடுவாள். ஒருநாள், பிள்ளையை ஜுரத்தோடு விட்டுவிட்டு வந்த ஒருத்தி, முன்பு அம்மாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவள்தான், மூன்று மூன்றாக எத்தனையோ முறை தட்டினாள். நாற்பது சட்டை பாக்கியிருந்தது. அம்மா திறக்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பெண் அதன்பின் அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் சின்னவளாயிருந்த மகள் கதவருகிலேயே காத்திருப்பாள், ஏன் இவ்வளவு நேரமென்று. உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்பாள் அம்மா. குழந்தையைச் சமாளிக்கச் சொன்ன பதில். குழந்தையோ அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்துவிட்டது. "எங்கம்மாவைப் பதினெட்டு வருஷம் பூட்டி வெச்ச இடம்" என்று அவள் மேடை மேடையாகச் சொல்லித்தான் கட்டடத்துக்காரர் மனம் இளகி இடத்தைக் கொடுத்தார். சொல்லிவிடலாம் என்று அம்மா பல தடவை வாயெடுத்தாள், ஒவ்வொரு தடவையும் மென்று முழுங்கினாள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அப்படி நிம்மதிப்படுவதை நினைத்தால் வெட்கம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் இடது இடுப்பை இரண்டு தட்டு தட்டிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் அவளை விடவில்லை. வெறும் இடுப்பில் என்னத்தைத் தேடுகிறாள் என்று மகள் அதை அப்படியே நடித்துக் காட்டிக் கேலி செய்வாள். நன்றாகவே நடிப்பாள்.

இன்றைய ஒத்திகை மகளின் குழுவிலிருந்த நாடகக்காரரின் யோசனை. திறப்பு விழாவுக்கு வருகிறவர்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிப் பத்து நிமிடம் இயந்திரச் சத்தத்தை ஒலிபரப்ப வேண்டும். நடுவில் அம்மா தன் பழைய இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தாள். மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தெருக்காரர்கள் இருபது பேர் வந்து நிற்க, மின்வேலை பார்க்கும் பையன் வெளியே போய்ப் பழைய சாவியால் பூட்டினான். அந்தத் தாழ் விழும் சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டு அவளுக்கு வெகுகாலமாயிற்று.

பத்து நிமிடம் முடிந்தது. சத்தத்தை நிறுத்தினார்கள், கை தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. சாவி சுற்றுகிறது, தாழ் அசையவில்லை என்று மின்வேலைக்காரன் வெளியிலிருந்து கத்தினான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பூட்டுக்காரர் வந்து சேர முக்கால் மணி நேரமாகும் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஜன்னலெல்லாம் தெருப்பக்கம், கம்பி போட்டவை. சுவரில் வரைந்துகொண்டிருந்த ஓவியக்காரிக்கு இளைப்பு உண்டு. அவளுடைய இன்ஹேலர் பையோடு நடைவழியில் கிடந்தது. அவள் கதவை ஒட்டிய சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். மகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே கதவைப் பார்த்து, சீக்கிரம் சீக்கிரம் என்றாள்.

அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தப் பூட்டின் குணம் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் பையன் கெட்டிக்காரன், தானே கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்தாள். இன்னொரு நிமிடம் பார்க்கலாம் என்று நினைத்தாள். அந்த நிமிடமும் போயிற்று. ஓவியக்காரிக்குப் பேச்சு வரவில்லை. கையிலிருந்த தூரிகையின் பிடியால் கதவைத் தட்டினாள். மூன்று தட்டு.

அம்மா எழுந்தாள். கதவில் வாயை வைத்து, "தம்பி, பிடியை மேல தூக்கிப் பிடி. முழங்காலால கதவை நெருக்கு. சாவியை அரைச் சுத்து பின்னால கொண்டுபோய், அப்புறம் திருப்பு" என்றாள்.

தாழ் நகர்ந்தது. எல்லோரும் முண்டியடித்து வெளியேறினார்கள். யாரோ ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்து ஓவியக்காரியைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள். நல்ல நேரத்தில் காப்பாற்றினீர்கள் என்று நாடகக்காரர் கும்பிட்டார். கூடத்தில் மகளும் அம்மாவும் மிஞ்சினார்கள்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தெனமும் கேட்ட சத்தம்தானே."

மகளின் கண் நிறைந்துவிட்டது. அவள் அதையும் நம்பினாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டியபடி வந்தாள். அதற்குள் மின்வேலைக்காரன், இந்த வம்பே வேண்டாம் என்பதுபோல, சாவியைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினான். அம்மா வாங்கினாள். மனம் எங்கோ இருக்க, கை தன்பாட்டுக்குச் சாவியை இடது இடுப்பில் செருகி, இரண்டு தட்டு தட்டியது.

மகளின் நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் பார்வை இடுப்பை விட்டு மேலே வரவில்லை. அம்மா கையை எடுக்கவும் துணியாமல், வைத்திருக்கவும் முடியாமல் அப்படியே நின்றாள். இரும்புக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. படிக்கட்டில் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. இருவரும் உள்ளேயே நின்றிருந்தார்கள்.