பார்க்காமல் போட்ட கையெழுத்து

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மெஷின் சொல்வதை நம்பாமல் எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேனாம். நேற்று அந்தப் பூதக்கண்ணாடியும் அவிந்துபோயிற்று. கூட வேலை செய்பவள் நான்கு நாளாக லீவு. இரண்டு ஆள் வேலையை இழுத்து எனக்கு இடுப்பே கழன்றிருந்தது.

காலையில் ஒரு குறைமாதக் குழந்தையின் ரத்தம் வந்தது. பிறந்து நான்கு நாள், எடை ஒரு கிலோகூட இல்லை. வெள்ளணு ஐயாயிரம் என்றது மெஷின். போதும், பயமில்லை. சாயம் போட்ட ஸ்லைடைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மதியம் தட்டை ஒழிக்கும்போதுதான் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் முற்றாத சிவப்பணுக்கள் இருக்கும். அவற்றையும் வெள்ளணு என்று எண்ணித் தொலைக்கும் இந்த மெஷின். வேலைக்கு வந்த முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. ஒவ்வொன்றாக எண்ணிக் கழித்தேன். மிஞ்சியது இரண்டாயிரம். ஒரு கிருமி நுழைந்தால் எதிர்த்து நிற்க அந்தப் பிஞ்சு உடம்பில் ஆளே இல்லை. மெஷினைப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. அது என்ன செய்யும், கையெழுத்து என்னுடையது.

சிசுப் பிரிவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எடுத்த சிஸ்டர் டாக்டரிடம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தார். என் ஐயாயிரத்தை நம்பித்தான் காலையில் முதன்முதலாகக் குழந்தையைத் தாயின் நெஞ்சில் போட்டார்களாம். இனி யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீயே வந்து சொல்லு. எனக்குத் தெம்பில்ல."

போனேன். மறுபடி தூக்கலாம் என்ற ஆசையில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைவு, நோய் தொற்றினால் ஆபத்து, இரண்டு நாள் போனால்தான் எதுவும் தெரியும் என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். தப்பு யாருடையது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அவள் குழாயை மூடாமலே கேட்டாள். "பத்து நிமிஷந்தாங்க வச்சிருந்தேன். எனக்குச் சளி, இருமல் ஒண்ணும் கிடையாது. என்னால ஏதாச்சும் ஒட்டியிருக்குமா?"

"உங்களால இல்லம்மா. நான் எண்ணிப் பார்க்காமலே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மறுபடியும் சோப்பை எடுத்து, முழங்கை வரை தேய்க்க ஆரம்பித்தாள்.